விளக்குத்தூண் அத்தை

மதுரையை யாருக்கு நன்றாகத் தெரியும் என்று எங்கள் சொந்தத்தில் கேட்டால் எல்லோரும் அத்தையைத்தான் கைகாட்டுவார்கள். யார் வீட்டுக் கல்யாணமானாலும் ஜவுளி எடுக்க மதுரைக்குப் போகும் வேனில் அவளுக்கு ஓர் இடம் நிச்சயம். எத்தனை தடவை போயிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் மீனாட்சியம்மன் கோயிலை அவள் பார்த்ததில்லை. மகாலைப் பார்த்ததில்லை. ஒரு ஜவுளிக்கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. விளக்குத்தூண் முக்கில் ஒரு கடையின் ஓரப்படி, அதில் உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டுகிற தூரம், அவ்வளவுதான் அவளுடைய மதுரை.

விளக்குத்தூணைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய மதுரையின் நடுநெஞ்சில், வீதிகள் வந்து கூடுகிற இடத்தில் நிற்கிற இரும்புத் தூண் அது. கோட்டைச் சுவரை இடித்து வீதிகளை அகலமாக்கிய வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவருக்காக அந்தக் காலத்தில் நட்டார்களாம். உச்சியில் விளக்கு. சுற்றிலும் துணிக்கடை, பாத்திரக்கடை, வளையல், பூ, சர்பத், கட்டைப்பை சுமந்துகொண்டு தென்மாவட்டத்து ஜனம். கூட்டத்தில் பிரிந்துபோனவர்கள் தூணடிக்கு வந்து நின்றுவிட வேண்டும் என்பது செல்போன் வருவதற்கு முன்னால் எல்லாக் குடும்பங்களும் வைத்திருந்த ஏற்பாடு. அதனால் தூணைச் சுற்றி எந்நேரமும் நாலைந்து பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு யாரையாவது தேடியபடி நிற்பார்கள்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. திருநெல்வேலி பக்கம்தான். உள்ளூரிலேயே நல்ல கடைகள் உண்டு. இருந்தாலும் எங்கள் ஆட்களுக்குச் சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் தாண்டிப் போய், விளக்குத்தூணில் இறங்கி, பத்துக் கடை ஏறி இறங்கி, முதலில் பார்த்த கடைக்கே திரும்பிவந்து எடுத்தால்தான் கல்யாணப் பட்டு எடுத்ததாகக் கணக்கு.

அத்தை என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. எட்டயபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இருந்தாள். கல்யாணமாகி நாலாம் வருடம், உளுந்து பறிக்கிற காட்டில் இடி விழுந்து மாமா போய்விட்டார். அப்போது மகள் கைக்குழந்தை. அதற்குப் பிறகு பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் மிளகாய் பறிக்கவும் போய்த்தான் அந்தப் பிள்ளையை வளர்த்தாள்.

முகூர்த்தப் பட்டு எடுக்கிற இடத்தில் கணவனை இழந்தவர்கள் இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ரத்த சம்பந்தமுள்ளவளை ஜவுளி எடுக்கக் கூப்பிடாமல் விடுவதும் பெரிய குற்றம். கூப்பிட்டால் சகுனம் இடிக்கும், கூப்பிடாவிட்டால் சொந்தத்தில் பேச்சு வரும். எங்கள் ஆட்கள் இந்த விஷயத்தில் மூளைக்காரர்கள். அத்தைக்காக ஓர் உத்தியோகத்தையே உண்டாக்கிவிட்டார்கள். பை பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். ஒரு கடையில் எடுத்த பைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குள் போக முடியாதல்லவா? வெளியே ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும். "அவ வந்தாத்தான் எங்களுக்குத் தைரியம்" என்று என் அம்மா கிராமத்துக்கே போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுவாள். அத்தையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல, "நான் வராம எப்படி மதினி?" என்பாள். எது எதற்காக என்று இரண்டு பேருக்கும் தெரியும். யார் வாயிலும் அது வராது.

அவளிடம் ஒரு குணம் உண்டு. ஓர் இடத்தில் இருக்கச் சொன்னால் இருப்பாள். அதில் பாதிதான் பொறுப்பு, மீதி பிடிவாதம் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு தடவை அப்பா விதை உளுந்து மூட்டையைக் கொடுத்து, "பஸ் ஸ்டாப்புல நில்லு, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வழியில் சைக்கிள் பஞ்சர், பிறகு மழை. இரண்டு மணி நேரம் கழித்து அப்பா போய்ப் பார்த்தால், பத்தடியில் டீக்கடைக் கூரை இருக்க, அத்தை பஸ் ஸ்டாப் கல்லுக்குப் பக்கத்திலேயே மூட்டையைத் தன் சேலையால் மூடிக்கொண்டு தெப்பலாக நனைந்து நிற்கிறாள்.

"ஏட்டி, கோட்டிக்காரி! கடையில ஒதுங்க வேண்டியதுதான?"

"நீங்க இங்கனதான நிக்கச் சொன்னீய? வந்து ஆளக் காணலன்னா தேட மாட்டீகளா?"

அப்பா இதை எல்லா விசேஷ வீட்டிலும் சொல்லிச் சிரிப்பார். அத்தையும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

விளக்குத்தூணில் அவள் உட்காருகிற ஓரப்படி, லைனிங் துணியும் நூல்கண்டும் விற்கிற ஒரு பாயின் கடையுடையது. மெலிந்த மனிதர், அதிகம் பேச மாட்டார். கல்யாண மாதங்களில் அடிக்கடி பார்த்ததால் அவருக்கு அத்தையை நன்றாகத் தெரியும். "யம்மா, உள்ள ஃபேனுக்கடியில வந்து உக்காருங்களேன்" என்பார். "இருக்கட்டும் பாய், இங்கன இருந்தாத்தான் தேடுதவுகளுக்குத் தெரியும்" என்பாள். தேடி வரப்போவது நாங்கள்தான். நாங்களோ மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பையை வீசிவிட்டு ஓடுவதற்கு மட்டும் வெளியே வருவோம்.

ஆனால் திரும்பும்போது வேனில் அவளுடைய ராஜ்யம்தான். கடைக்குள் போன நாங்கள் பட்டையும் சரிகையையும் தவிர எதையும் பார்த்திருக்க மாட்டோம். அவளோ ஒரு ஊரையே பார்த்திருப்பாள். திருமங்கலம் தாண்டியதும் ஆரம்பிப்பாள். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு புருசன் பொண்டாட்டி கதை. இருவரும் வெவ்வேறு கடையிலிருந்து வந்து தூணடியில் நின்றுவிட்டார்கள். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அந்தம்மா, நடுவில் தூணும் அதற்கு முன்னால் தள்ளுவண்டிகளும். ஒரு மணி நேரமாக ஒருவரையொருவர் காணாமல் வாய்க்குள் திட்டிக்கொண்டே நிற்கிறார்கள்.

"அவரு ஒரு எளநி வாங்கிக் குடிச்சாரு. அந்தம்மா ஒரு எளநி வாங்கிக் குடிச்சா. ரெண்டும் ஒரே வண்டி! எளநிக்காரனுக்கே தெரியல. எனக்குப் பொறுக்கல. இங்கன இருந்தே சத்தம் போட்டேன், ஏ அண்ணாச்சி, கொஞ்சம் தூணச் சுத்தி வாங்க, ஒங்க வீட்டம்மா அங்கன இருக்காவன்னு. மனுசன் சுத்தி வாராரு. அதே நேரம் அந்தம்மாவும் சுத்திப் போறா!"

அவள் இரண்டு கைகளையும் ஒன்றையொன்று துரத்த விட்டுக் காட்டுவாள். வேன் டிரைவர் சிரிப்பு தாங்காமல் வண்டியை ஓரங்கட்டுவார். எழுந்து போய்ச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும் வேலை. அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, அவள் உட்பட.

இன்னொரு தடவை ஏதோ ஊர்வலத்தில் வேட்டுப் போட, கோயில் மாடு ஒன்று மிரண்டு விளக்குத்தூணுக்குள் பாய்ந்துவிட்டது. கடைகள் ஷட்டரை இழுத்தன, ஜனம் சிதறி ஓடியது. அத்தை பைகளைக் குவித்து, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். மாடு அவளைத் தாண்டும்போது முழங்கையில் மிதித்துவிட்டது. நாங்கள் வெளியே வந்தபோது கை சுரைக்காயாக வீங்கியிருக்கிறது, பைகள் எண்ணிக்கை குறையாமல் இருக்கின்றன. "என் தங்கச்சி இருக்க எடத்துல ஒரு நூலு காணாமப் போவாது" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பாராட்டு எங்களுக்கு வசதியாக இருந்தது. அந்தக் கையை ஒரு டாக்டரிடம் காட்டக்கூட யாரும் கூட்டிப் போகவில்லை.

அவள் மகளின் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை புதியம்புத்தூரில் ரெடிமேட் யூனிட்டில் தையல். அந்தப் பெண்ணுக்கும் அதே யூனிட்டில் வேலை. பட்டெடுக்க வழக்கம்போல மதுரை. அம்மாவும் சித்திமாரும் நானும் உள்ளே போனோம், அத்தை வழக்கம்போல ஓரப்படியில் உட்கார்ந்தாள். பெற்ற மகளுக்குப் பட்டு எடுக்கும்போதும் அங்கேதான். எடுத்து முடித்ததும் அம்மா சேலையை வெளியே கொண்டுவந்து வெயிலில் பிரித்துக் காட்டினாள். அத்தை கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, கரையிலிருந்து முந்திவரை ஒரு இழை விடாமல் பார்த்தாள். "நல்லா இருக்கு மதினி. மடிச்சிருங்க, வெயில்ல சாயம் போயிரும்" என்றாள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. அவள் ஏன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் தொட்டுப் பாருங்கள் அத்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். மதுரைப் பயணத்தில் அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். சர்பத் வேண்டாம், இளநீர் வேண்டாம், டீ வேண்டாம். "பயணத்துல எனக்குத் தண்ணி ஆவாது" என்பாள். சித்தப்பா அவளுக்கு ஒட்டகம் என்று பேர் வைத்தார். "ஒட்டகத்துக்கு ஒரு கலர் வாங்கிக் குடுங்கப்பா" என்று கேலி செய்வார். மத்தியானம் தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பாதி சாப்பிட்டுவிட்டு, மீதியை அந்தப் பக்கம் வரும் ஏதாவது நாய்க்கு வைப்பாள். எங்களுக்கு இது அவளுடைய இன்னொரு கோட்டிக்காரத்தனம். பைகளை விட்டு எழுந்து போக முடியாதவள் எப்படித் தண்ணீர் குடிப்பாள் என்று பத்து இருபது வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் கடைக்குள் இருக்கும் கழிப்பறைக்குப் போய்வந்து பட்டுப் பார்த்தவர்கள்.

அவளுக்கு இந்தப் பழக்கம் மதுரையில் வந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரிசல் காட்டில் நின்று பார்த்தால் அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரியும். அவ்வளவு வெட்டவெளி. பருத்திக் காட்டில் வரிசையாக ஆண்களும் நிற்பார்கள். விடியுமுன் ஒதுங்கிவிட்டு வருகிற பெண்கள் பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். காட்டில் பழகியதை அவள் விளக்குத்தூணுக்கும் கொண்டுவந்தாள்.

என் கல்யாணத்துக்குப் பட்டெடுக்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும், அளவு ஜாக்கெட் வெளியே பையில் இருக்கிறது, எடுத்துவா என்று அம்மா என்னை அனுப்பினாள். நான் போனபோது அத்தை உட்கார்ந்திருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. அதற்கு முந்தின வாரமெல்லாம் அவளுக்கு நீர்க்கடுப்பு என்றும், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி நர்சம்மா சத்தம் போட்டதால் அன்றைக்குக் காலையில் பயந்து பயந்து குடித்துவிட்டு வந்திருந்தாள் என்றும் பிற்பாடு தெரிந்தது.

"ஏட்டி, ஒரு அஞ்சு நிமிசம் இங்கன உக்காருதியா? பாய் தொழுகைக்குப் போயிருக்காவ. பாத்திரக்கடைக்குப் பின்னால ஒரு எடம் இருக்காம், பூக்காரி சொன்னா. போயிட்டு ஓடி வந்துருதேன்."

அத்தனை வருடத்தில் அவள் யாரிடமும் கேட்ட முதல் உதவி அதுதான். எனக்கு உள்ளே பட்டு பிரித்துப் போட்டிருந்தது.

"இந்தா, ஜாக்கெட்டக் குடுத்துட்டு வந்துருதேன் அத்த."

"சரிட்டி. நான் எங்க போயிரப் போறேன்?"

எதிரே இருந்த பட்டுக்கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று மூன்று சேலைகளைக் கடைக்காரர் ஒவ்வொன்றாக என் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். சித்திமாருக்குள் கரையைப் பற்றிச் சண்டை. மஞ்சளே இருக்கட்டும் என்று முடிவாகி, பொட்டலம் கட்டி, எல்லோரும் வெளியே வந்தபோது மணி மூன்று.

பாய் கடை திறந்திருந்தது. ஓரப்படி முழுக்க ஈரம். பாய் ஒரு வாளியோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் பைகள் எல்லாம் கடைக்குள்ளே ஸ்டூலின்மேல் அடுக்கியிருந்தன. ஒன்றில்கூடத் துளி ஈரமில்லை. அத்தை படிக்குக் கீழே தரையில் நின்றாள். இடுப்புக்குக் கீழே சேலை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"என்னட்டி இது?" என்றாள் அம்மா.

"பாய் படி கழுவுனாவ. நான் கவனிக்காம ஈரத்துல உக்காந்துட்டேன்."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா, பட்டு எடுத்து வச்சிருக்க எடத்துல இப்படியா தண்ணிய ஊத்துவீக? பாத்து ஊத்தக் கூடாதா?" என்று பாயிடம் எகிறினாள்.

அந்த மனிதர் அத்தையைப் பார்க்கவே இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "என் தப்புத்தாம்மா. தூசியா இருந்துச்சு, கழுவிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றார்.

கடையில் மூன்று படிகள் உண்டு. அத்தை உட்காரும் மூலை மட்டும்தான் கழுவியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் எனக்குப் புரிந்தது தெரியும். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வேனில் ஏறும்போது சீட் நனைந்துவிடும் என்று ஒரு கட்டைப்பையைக் கிழித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். திருமங்கலம் தாண்டியதும் சித்தப்பா, "என்ன ஒட்டகம், இன்னைக்குக் கதை இல்லையா?" என்றார். "தலைவலி அண்ணே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோவில்பட்டி வரும்வரை நான் மஞ்சள் பட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகும் அவள் விளக்குத்தூணுக்கு வந்தாள். என் தம்பி கல்யாணத்துக்கு வந்தாள், சித்தி மகள் கல்யாணத்துக்கு வந்தாள். அந்த இரண்டு தடவையும் நானே தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்து, "நான் பைகிட்ட உக்காருதேன், நீங்க போயிட்டு வாங்க அத்த" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வெள்ளிக்கிழமையை இரண்டு பேரும் எடுத்துப் பேச வேண்டியிருக்கும். நான் பேசவில்லை. உள்ளே போய்ப் பட்டுப் பார்த்தேன். எனக்கு என்மேல் வருகிற வெறுப்பில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவளுக்குக் கால் வீங்கியது. முகம் வீங்கியது. கோவில்பட்டியில் பரிசோதனை செய்து இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாகச் சொன்னார்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைக்கும் சின்ன ஆபரேசன் ஒன்று மதுரையில் செய்ய வேண்டியிருந்தது. மகளுக்குத் தொடர்ந்து லீவு கிடைக்காததால், ஆபரேசனுக்கு மட்டும் மகள் கூட்டிப் போனாள், தையல் ஆறியதா என்று காட்ட நான் கூட்டிப் போனேன்.

டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகக் கேட்டாள். "தண்ணி நல்லாக் குடிப்பீங்களா பாட்டி? யூரின் வந்தா அடக்குற பழக்கம் உண்டா?"

"காட்டு வேலக்காரிக்கு வேற என்னம்மா பழக்கம் இருக்கும்?" என்று அத்தை சிரித்தாள்.

அத்தைக்கு நர்ஸ் கட்டு மாற்றும்போது நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், அதனால்தான் இப்படி ஆனதா என்று. பிரஷர் இருந்திருக்கிறது, அடிக்கடி கிருமித் தொற்று வந்திருக்கிறது, கல் இருந்திருக்கிறது, இதுதான் காரணம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்றாள். நல்ல பதில். பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம். எனக்குத்தான் முடியவில்லை.

இனிமேல் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "அதெல்லாம் எனக்குப் பழக்கந்தான்" என்றாள் அத்தை. டாக்டர் அவளைப் பாராட்டினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தோம். ஏறியதும் நான் டிரைவரிடம், விளக்குத்தூண் வழியாகப் போகச் சொன்னேன். கண்ணாடிக் கதவு போட்ட அந்தக் கடைக்குள் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போய், மெத்தையில் உட்காரவைத்து, பத்துச் சேலைகளைப் பிரித்துப் போடச் சொல்லி, அவள் கையால் ஒன்றை எடுக்கவைக்க வேண்டும் என்று ஆபரேசன் தேதி சொன்ன நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஓரமாக நின்றது. பாயின் கடை இருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ செல்போன் உறை விற்கிறார்கள். படிகளுக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள்.

"எறங்குங்க அத்த. உள்ள போவோம். ஒங்களுக்கு ஒரு சேல எடுக்கணும்."

"எனக்கெதுக்குட்டி சேல? நீ போயி ஏதாச்சும் எடுக்கணும்னா எடுத்துட்டு வா. நான் இங்கன இருக்கேன்."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, என் கைப்பையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. ஆட்டோ டிரைவர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவர் பாவம், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

"அத்த, அன்னைக்கு நான் மறந்துட்டேன்னுதான நெனச்சீங்க? நான் மறக்கல."

அவள் என்றைக்கு என்று கேட்கவில்லை.

"மஞ்சள் சேலைய மேல போட்டுக்கிட்டுக் கதவுகிட்ட வந்தேன். நீங்க சுவரப் பிடிச்சிட்டு நின்னுக்கிட்டு இருந்தீங்க. எனக்குத் தெரிஞ்சுது. இன்னொரு சேலையப் பாத்துட்டு வந்துருவோம், அத்த இருப்பாகன்னு திரும்பிப் போயிட்டேன். தெரிஞ்சேதான் போனேன்."

"தெரியும்ட்டி" என்றாள் அத்தை. "கண்ணாடிக் கதவுல நீ கை வச்சதப் பாத்தேன். திரும்பிப் போனதையும் பாத்தேன்."

இருபது வருடம். என் கல்யாணப் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினாள். என் பிள்ளைகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் வந்து இருந்தாள். எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறாள்.

"பின்ன ஏன் கூப்பிடல? கையக் காட்டியிருந்தாக்கூட வந்திருப்பேனே அத்த!"

"வந்திருப்ப. அதனாலதான் கூப்பிடல." அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஒந்தோள்ல கல்யாணப் பட்டு கெடக்கு. தாலி இல்லாதவ கையக் காட்டி அதோட ஒன்ன வெளிய கூப்பிடலாமா? நாளப்பின்ன ஒனக்கு ஒரு கொறன்னா நான் எங்க போயி முட்டிக்கிடுவேன்? சேலதான, தொவச்சா போச்சு."

பிறகு டிரைவர் வந்தார். அவள் அவரிடம், "பஸ் ஸ்டாண்டு போங்க அண்ணாச்சி, பிள்ளைக்கு நேரமாச்சு" என்றாள்.

அத்தை போய் இரண்டு வருடமாகிறது. என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். மகன் படித்து முடித்துவிட்டான், மகளுக்கு வரன் வந்துகொண்டிருக்கிறது. எனக்கு ஒரு குறையும் வரவில்லை. விசேஷ வீட்டில் யாராவது கையைப் பிடித்து நல்லா இருக்கியா தாயி என்று கேட்டால், நல்லா இருக்கேன் என்று சொல்லி முடிப்பதற்குள் கையை உருவிக்கொண்டுவிடுகிறேன்.